எழுபது வயதில் அந்த டாட்டூ என்ன ஆகும்?

டாட்டூ போட்டுக்கொள்ளப் போகிறேன் என்று இருபது வயதில் யாராவது சொன்னால், வலிக்குமா, எந்த இடத்தில், என்ன படம் என்பதற்கெல்லாம் முன்னால் வந்து விழுகிற கேள்வி ஒன்றுதான்: "வயசானா அது எப்படி இருக்கும், யோசிச்சியா?" கேட்பவர் பெரும்பாலும் பதிலையும் தயாராக வைத்துக்கொண்டுதான் கேட்கிறார். போட்டுக்கொள்ளப் போகிறவரும் சளைத்தவர் இல்லை, "சாகிற வரைக்கும் அப்படியே இருக்கும், அதுக்குத்தானே போடுறேன்" என்பார். ஒருவருக்கு அது கண்டிப்பாக அசிங்கமாகிவிடும், இன்னொருவருக்கு அது மாறவே மாறாது. தோலுக்குள் உண்மையில் நடப்பது இரண்டுமே இல்லை. அதைத் தெரிந்துகொண்டு பேசினால் இந்தச் சண்டையில் பாதி தேவையே இல்லாமல் போய்விடும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஊசி எதுவரை போகிறது என்று பார்ப்போம். நம் மேல்தோல் நிரந்தரமானது இல்லை. அதன் அடியில் புதுச் செல்கள் உருவாகி மேலே தள்ளப்பட்டு, கடைசியில் செத்துச் செதிலாக உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. இளம் வயதில் ஒரு சுற்று முடியச் சுமார் 4 வாரம், வயதாக ஆக இன்னும் கூடுதல் நாள். மையை அந்த அடுக்கில் வைத்தால் இரண்டொரு மாதத்தில் காணாமல் போய்விடும். அதனால் டாட்டூ ஊசி அதைத் தாண்டி, சுமார் 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிற உள்தோலில் மையை விடுகிறது. ரத்தக் குழாய், நரம்பு, கொலாஜன் நார்கள் எல்லாம் இருக்கிற அடுக்கு அது. அதனால்தான் வலிக்கிறது, ரத்தமும் கசிகிறது. ஆழம் குறைந்தால் மை உதிரும், கூடினால் கொழுப்பு அடுக்கில் இறங்கிக் கோட்டைச் சுற்றி நீலமாகக் கசிந்துவிடும், அதை அப்புறம் சரிசெய்வது கஷ்டம்.

உடம்பைப் பொறுத்தவரை இது அலங்காரம் இல்லை, ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் காயங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் அந்நியப் பொருள். காயம் பட்ட இடத்துக்கு மேக்ரோபேஜ் என்ற செல்கள் ஓடி வருகின்றன. கிருமியோ செத்த செல்லோ எது கிடைத்தாலும் விழுங்கிச் செரித்துவிடுவதுதான் அவற்றின் வேலை. மைத் துகளையும் விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை. கார்பனையோ உலோக ஆக்சைடையோ உடைக்கிற நொதி அவற்றிடம் கிடையாது. துப்பவும் முடியாமல், செரிக்கவும் முடியாமல், துகளை வயிற்றில் வைத்துக்கொண்டே அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகின்றன. கொஞ்சம் மை ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற நார் செய்யும் செல்களிலும் தங்குகிறது. நாம் டாட்டூ என்று பார்ப்பது பெரும்பாலும் இப்படி மையைச் சுமந்துகொண்டிருக்கிற செல்களின் கூட்டத்தைத்தான்.

இந்த மேக்ரோபேஜ்கள் மனிதர் வாழ்கிற அளவுக்கு வாழுமா? அப்படித்தான் ரொம்ப நாளாக நினைத்தார்கள். 2018-இல் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் ஒரு குழுவாக இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எலிகளின் வாலில் பச்சை மையில் கோடு போட்டார்கள். அவை சாதாரண எலிகள் இல்லை, ஒரு குறிப்பிட்ட நச்சை ஊசியாகப் போட்டால் இந்த வகை மேக்ரோபேஜ்கள் மட்டும் செத்துப்போகும்படி மரபணு மாற்றப்பட்டவை. நச்சைப் போட்டார்கள், மையைச் சுமந்த செல்கள் செத்தன, ஆனால் வாலில் இருந்த பச்சைக் கோடு இம்மியும் மாறவில்லை. செல் செத்ததும் மை வெளியே கொட்டுகிறது, அங்கேயே கொஞ்ச நாள் கிடக்கிறது, ரத்தத்திலிருந்து வந்து புதிதாக உருவாகிற மேக்ரோபேஜ்கள் அதையே மறுபடி விழுங்கிக்கொள்கின்றன. இன்னொரு சோதனையில் டாட்டூ போட்ட தோல் துண்டை வேறொரு எலிக்கு ஒட்டிவைத்துப் பார்த்தபோது, 6 வாரத்துக்குப் பிறகு அந்த மையைச் சுமந்துகொண்டிருந்த செல்களில் பெரும்பாலானவை தோலைப் பெற்றுக்கொண்ட எலியினுடையவை. எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடிக்கும். ஏனென்றால் டாட்டூ நிலைத்திருப்பதற்குக் காரணம் எதுவும் அசையாமல் இருப்பது இல்லை, ஒரு செல் விட்டதை அடுத்த செல் விடாமல் எடுத்துக்கொண்டே இருப்பதுதான் என்று அது காட்டிவிட்டது.

வயதான டாட்டூ ஏன் மங்குகிறது என்பதும் இங்கிருந்தே புரிந்துவிடும். கைமாறும் ஒவ்வொரு முறையும் துகள் துளியளவு நகரலாம். மிகச் சிறிய துகள்கள் நிணநீரோடு, அதாவது திசுக்களிலிருந்து வடிந்து ஓடும் திரவத்தோடு, அடித்துச் செல்லப்படுகின்றன. இருபது, முப்பது வருடம் இது நடந்தால் கூர்மையான கோடு கொஞ்சம் அகலமாகிறது, ஓரம் மென்மையாகிறது. அதனால்தான் மயிரிழைக் கோடுகளும் பொடி எழுத்துகளும் முதலில் அடிபடுகின்றன, "e" மாதிரியான எழுத்தின் உள்வட்டம் நிறைந்து ஒரு புள்ளியாகிவிடும். நடுவில் போதிய இடம் விட்டுப் பெரிதாகப் போட்ட வடிவம் தாக்குப்பிடிக்கும்.

இதோடு வெயில் சேர்ந்துகொள்கிறது. மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு மைகளில் நிறைய கரிம நிறமிகள், புற ஊதாக் கதிர் பட்டால் அவற்றின் மூலக்கூறு உடைந்து நிறம் போகும். கருப்பு அப்படி இல்லை. ஆல்ப்ஸ் பனியில் 1991-இல் கண்டெடுத்த ஓட்சி என்ற மனிதரின் உடம்பில் 61 டாட்டூக்கள் இருக்கின்றன, சுமார் 5300 வருடம் பழையவை, கரியால் போட்டவை, இன்னும் தெரிகின்றன. கார்பனை வெயிலும் ஒன்றும் செய்யாது, உடம்பும் ஒன்றும் செய்யாது. ஆனால் கருப்பு மையும் நாளடைவில் நீலமாகத் தெரிகிறதே என்றால், அது மை மாறியதால் மட்டும் இல்லை. மைக்கு மேலே இருக்கிற தோல் நீல ஒளியை அதிகம் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது, சிவப்பு ஒளி உள்ளே போய்க் கருப்பில் மாட்டிக்கொள்கிறது. கையில் ரத்த நாளம் நீலமாகத் தெரிவதிலும் இந்த ஒளிச் சிதறலுக்குப் பங்கு உண்டு.

சரி, சுருக்கம்? வளர்ந்தபின், தோலுக்கு உறுதி தருகிற கொலாஜன் வருடத்துக்குச் சுமார் 1 சதவீதம் என்ற கணக்கில் குறைகிறது. தோலை இழுத்தால் மீண்டு வரச் செய்கிற எலாஸ்டின் நார்களும் நைந்துபோகின்றன. தோல் மெலிந்து தொங்குகிறது, படமும் கூடவே தொங்குகிறது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. வயிறு, மேல்கையின் உள்பக்கம், மார்பு ஆகியவை எடை கூடிக் குறைவதில் அதிகம் மாறும், முன்கை, தோளின் மேல்பகுதி, முதுகின் மேல்பகுதி, கணுக்காலுக்கு மேலே எல்லாம் எழுபதிலும் ஓரளவு வடிவத்தை வைத்திருக்கும். விரலும் உள்ளங்காலும் வேறு கதை, அங்கே உராய்வும் தடித்த மேல்தோலும் சேர்ந்து சில வருடத்திலேயே மையைத் திட்டுத் திட்டாக ஆக்கிவிடும்.

இதையெல்லாம் சொன்னபிறகும் "வயதானால் அசிங்கம்" என்ற வாதம் எனக்குப் பலவீனமாகத்தான் தெரிகிறது. எழுபது வயதுத் தோல் டாட்டூ இல்லாவிட்டாலும் எழுபது வயதுத் தோல்தான், அதில் சுருக்கமும் புள்ளியும் தழும்பும் இருக்கும். அதில் ஒரு மங்கிய மலர் கூடுதலாக இருந்தால் யாருக்கு என்ன குறை? வயதான உடம்பைப் பார்க்கவே நமக்குப் பிடிக்கவில்லை என்பதைத்தான் டாட்டூவின் பேரில் சொல்லிக்கொண்டிருக்கிறோமோ என்று சந்தேகம் வருகிறது.

இன்னொரு தரப்பு சொல்கிற எச்சரிக்கை இதைவிட வலுவானது: தோலைவிட வேகமாக மாறுவது மனசு. 2013-இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில் 18 முதல் 68 வயது வரை 19,000-க்கும் மேற்பட்டவர்களிடம், கடந்த பத்து வருடத்தில் நீங்கள் எவ்வளவு மாறினீர்கள், அடுத்த பத்து வருடத்தில் எவ்வளவு மாறுவீர்கள் என்று கேட்டார்கள். எல்லா வயதினரும், கடந்த காலத்தில் நிறைய மாறினேன், இனி அவ்வளவாக மாறமாட்டேன் என்ற பாணியிலேயே சொன்னார்கள். இன்று பிடித்த இசைக்குழுவின் கச்சேரியைப் பத்து வருடம் கழித்துப் பார்க்க எவ்வளவு தருவீர்கள் என்றால் தாராளமாகச் சொன்னார்கள், பத்து வருடத்துக்கு முன் பிடித்த குழுவை இன்று பார்க்க அவ்வளவு தரத் தயாராக இல்லை. இதையும் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2023-இல் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் 32 சதவீதம் பேருக்கு டாட்டூ இருந்தது, அவர்களில் ஏதாவது ஒன்றையாவது போட்டிருக்க வேண்டாமே என்று வருந்தியவர்கள் 24 சதவீதம். நாலில் மூன்று பேருக்கு வருத்தம் இல்லை. அதே கணக்கில் டாட்டூ இருந்தவர்கள் 30 முதல் 49 வயதுக்காரர்களில் 46 சதவீதம், 65-ஐத் தாண்டியவர்களில் 13 சதவீதம். அந்த 46 சதவீதம் முதுமைக்குள் நுழையும்போது டாட்டூ போட்ட தாத்தா பாட்டி என்பது அங்கே யாரும் திரும்பிப் பார்க்காத காட்சியாகிவிடும், விமர்சனத்தில் பெரும்பகுதி அதோடு தானாக அடங்கும்.

உடம்பில் எழுதியதும் மனசும் வேறுவேறாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ இதழ்களில் பதிவான இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன. 2017-இல் மயாமியில் 70 வயதுக்காரர் ஒருவர் நினைவில்லாமல் மருத்துவமனைக்கு வந்தார். அவர் மார்பில் "உயிர்ப்பிக்க வேண்டாம்" என்று பச்சை குத்தி, "வேண்டாம்" என்பதற்கு அடிக்கோடும் போட்டு, கீழே கையெழுத்தும் இருந்தது. மருத்துவர்கள் முதலில் அதை ஏற்காமல் சிகிச்சையைத் தொடங்கினார்கள், பிறகு நெறிமுறை ஆலோசகர்களைக் கேட்டு அதை மதிப்பது என்று முடிவெடுத்தார்கள். அதன்பிறகு அதே விருப்பத்தைச் சொல்லும் முறையான ஆவணமும் கிடைத்தது. ஆனால் 2012-இல் பதிவான இன்னொருவருக்கு மார்பில் அதே பொருள்படும் "DNR" என்ற ஆங்கில மூன்றெழுத்து இருந்தது, கேட்டால், இளவயதில் சீட்டாட்டத்தில் தோற்ற பந்தயத்துக்காகப் போட்டது, எனக்கு உயிர்காக்கும் சிகிச்சை கட்டாயம் வேண்டும் என்றார். மை இருவரிடமும் ஒரே மாதிரிதான் நிலைத்திருந்தது. ஒருவருக்கு அது இன்றைய முடிவு, இன்னொருவருக்கு என்றோ முடிந்துபோன ஒரு சாயங்காலம்.

அழிக்கலாமே என்பவர்களுக்கு: லேசர் வேலை செய்கிறது, ஆனால் அது ரப்பர் இல்லை. ஒரு விநாடியில் நூறு கோடியில் சில பங்கோ அதைவிடக் குறைவோ நேரம் மட்டும் நீடிக்கும் துடிப்பாக ஒளியை அனுப்பினால், சுற்றியிருக்கிற திசு சூடாவதற்குள் மைத் துகள் மட்டும் வெடித்துச் சிதறும். சிதறிய பொடியை நிணநீர்தான் எடுத்துப்போக வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும், அதனால்தான் அமர்வுகளுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி. கருப்பு எல்லா அலைநீளத்தையும் உறிஞ்சுவதால் எளிதில் போகும். பச்சைக்கும் நீலத்துக்கும் வேறு லேசர் வேண்டும். வெள்ளையிலும் தோல்நிறத்திலும் இருக்கிற டைட்டானியம் டை ஆக்சைடோ, இரும்பு ஆக்சைடோ லேசர் பட்டதும் கறுத்துவிடவும் கூடும். மேலே சொன்ன மேக்ரோபேஜ்கள் சிதறிய மையையும் மறுபடி பிடித்துக்கொள்வதுதான் பல அமர்வுகள் தேவைப்படுவதற்கு ஒரு காரணம் என்று மார்செய் குழு கருதுகிறது.

டாட்டூவோடு முதுமைக்குள் போகிறவர்கள் அழகைவிடக் கவனிக்க வேண்டியது வேறு. மை போட்ட இடத்திலேயே எல்லாம் தங்கிவிடுவதில்லை. இறந்தவர்களின் உடல் திசுக்களை 2017-இல் ஆராய்ந்தபோது, நிறமியின் நானோ துகள்கள் நிணநீர் முடிச்சுகளில் தேங்கியிருப்பதைச் சிங்க்ரோட்ரான் என்ற கருவி தரும் மிகச் செறிவான எக்ஸ்ரே கதிரில் பார்த்தார்கள். மையில் என்னென்ன கலந்திருக்கிறது என்ற கவலையில்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் 4000-க்கும் மேற்பட்ட பொருட்களுக்கு வரம்பு விதித்தது. சிவப்பு மைக்கு ஒவ்வாமை மற்ற நிறங்களைவிட அதிகம், போட்டுப் பல வருடம் கழித்தும் அது தடிப்பாக எழலாம். மச்சத்தின் மேல் டாட்டூ போடவே கூடாது, ஏற்கெனவே போட்டிருந்தால் அந்த இடத்தில் வடிவமோ நிறமோ மாறுகிறதா என்று தோல் மருத்துவரிடம் அவ்வப்போது காட்டுங்கள், ஏனென்றால் கருமையில் மறைந்த புற்றுநோயை வெறும் கண்ணால் பிடிப்பது கஷ்டம். எம்ஆர்ஐ எடுக்கும்போது இரும்பு கலந்த மை சிலருக்கு இலேசாகச் சூடாவதோ குறுகுறுப்பதோ உண்டு, பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. மார்பக எக்ஸ்ரேயிலோ ஸ்கேனிலோ அக்குள் நிணநீர் முடிச்சில் ஏதோ தெரிகிறது என்றால், கையிலோ தோளிலோ டாட்டூ இருப்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். அங்கே தேங்கிய மை சுண்ணாம்புப் படிவு மாதிரியே தெரியக்கூடும், அந்த ஒரு தகவல் மருத்துவரின் யோசனையையே மாற்றும்.