வரையும் முன் இறகைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள்

மயிலாப்பூரில் எங்கள் மொட்டை மாடியில் வடாம் காயப்போட்டால் காக்கைகள் வந்துவிடும். போகும்போது சில நாள் ஒரு இறகையும் விட்டுப் போகும். அப்படிக் கிடைத்த ஒன்றைத்தான் வரைய உட்கார்ந்தேன். நடுவில் ஒரு கோடு, இரு பக்கமும் சாய்வாகக் கோடுகள். நான்கு நாளும் தாளில் வந்தது மீன்முள்தான்.

சரி, இறகையே நன்றாகப் பார்ப்போம் என்று கையில் எடுத்தேன். ஓரத்தை விரலால் இழுத்தால் பிளந்துகொண்டது. அடியிலிருந்து நுனி வரை மெதுவாக நீவிவிட்டேன். பிளவு போன இடம் தெரியவில்லை!

தண்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு இழைக்கும் இரு பக்கமும் அதைவிட மெல்லிய நுண்ணிழைகள் இருக்கின்றன. நுனியைப் பார்த்த பக்கத்து நுண்ணிழைகளில் குட்டிக் கொக்கிகள் உண்டு. அவற்றைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். அந்தக் கொக்கிகள் அடுத்த இழையின் நுண்ணிழைகளைப் பற்றிக்கொள்ள, தனித்தனி இழைகள் காற்றைத் தள்ளும் ஒரே தகடாகிவிடுகின்றன. பறவை அலகால் இறகு கோதும்போது, விட்டுப்போன கொக்கிகளைத் திரும்ப மாட்டிவிடுகிறது, ஜிப்பை இழுத்து மூடுவதுபோல. தண்டின் அடியில் உள்ள பஞ்சு போன்ற இழைகளில் கொக்கி கிடையாது. அதனால்தான் அங்கே மட்டும் கலைந்து பறக்கிறது.

இது தெரிந்த பிறகு பென்சில் பிடிப்பதே மாறிவிட்டது. ஒவ்வொரு இழையையும் கோடாகப் போடுவதை விட்டு, தகடு முழுவதையும் இழை ஓடும் திசையில் மெல்லிய நிழலாகத் தீட்டுகிறேன். அப்புறம் இரண்டு மூன்று பிளவுகள் மட்டும். பிளவின் ஓரமும் இழையின் திசையிலேயே வளைய வேண்டும். குறுக்கே போனால் கிழிந்த காகிதம் மாதிரி ஆகிவிடும். தண்டுக்கு ஒரு கோடு போதாது. அடியில் தடித்து நுனியில் ஒடுங்கும் இரண்டு கோடுகள் வேண்டும்.

இரு பக்கத்தையும் சம அகலமாக வரைந்ததும் என் தவறுதான். சிறகின் வெளிப்பகுதியில் உள்ள நீண்ட இறகுகளில் காற்றைக் கிழிக்கும் முன்பக்கம் குறுகலாகவும், பின்பக்கம் அகலமாகவும் இருக்கும். பளபளப்பான மேற்புறம் நம்மைப் பார்க்க, நுனி மேலே இருக்கும்படி பிடியுங்கள். குறுகிய பக்கம் வலப்புறம் இருந்தால் அது இடது சிறகின் இறகு. என்னுடையது அப்படித்தான் இருந்தது. எந்தச் சிறகிலிருந்து விழுந்தது என்று தெரிந்ததும் அந்தக் காக்கை மேல் ஒரு தனிப் பிரியமே வந்துவிட்டது.

நிறத்துக்கு வருவோம். காக்கையின் கறுப்பு மெலனின் என்ற நிறமி. அது இறகை எளிதில் தேயாமலும் காக்கிறது. வெயிலில் திருப்பினால் ஓடும் நீலப் பளபளப்பு மட்டும் இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. அந்த இடத்தில் நிழலைக் குறைத்துத் தாளை லேசாக விட்டுவைத்தால் போதும். அடையாறு மரங்களில் கத்தும் பச்சைக்கிளியின் இறகிலோ பச்சை நிறமியே இல்லை. இறகின் நுண்துளைக் கட்டமைப்பு சிதறடிக்கும் நீலத்தோடு மஞ்சள் நிறமி சேர்ந்துதான் நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. அதற்கு வண்ணப் பென்சில் எடுக்கும்போது, நீலத்தை மெலிதாகத் தீட்டி அதன் மேல் மஞ்சளைப் பூசிப் பாருங்கள்.