தடித்த குழாய்தான் குளிர்ந்த குழாய்

மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு கராஜ். நிலத்தில் விரித்த சாக்கின்மேல் இரண்டு ஏசி கொம்பிரசர்கள், அதாவது ஏசி காஸைப் பிழிந்து தள்ளும் பம்புகள். ஒன்று மாமாவின் டொல்பின் வானோடு வந்தது. உள்ளே இறுகிச் செத்துவிட்டது. மற்றது, எந்த வாகனத்துக்கும் பூட்டலாம் என்று விற்கிற ஐந்து சிலிண்டர் சான்டன் வகை. 2020இல் வாகன இறக்குமதி நின்றபிறகு பழைய வான்களை இப்படித்தான் இழுத்துப் பிடித்து ஓட்டினோம்.

தாங்கி செய்து, பெல்ட் நேர்கோட்டில் ஓடும்படி பூட்டுவது அரைநாள் வேலை. சிக்கல் அதற்குப் பிறகு. பழையதன் குழாய்கள் தட்டையான பிளேட் ஒன்றில் போல்ட்டால் இறுகியிருந்தன. புதியதில் மரை வெட்டிய இரண்டு வாய்கள், மேல்நோக்கி. ‘எஸ்’ என்றால் குளிர்ந்த காஸை உறிஞ்சும் வாய், ‘டி’ என்றால் பிழிந்து சூடான காஸைத் தள்ளும் வாய். பழைய ஹோஸ் எதுவும் கிட்டவும் போகவில்லை.

முழுக்க உலோகக் குழாயாகவே வளைத்துவிட்டால் என்ன? கொம்பிரசர் எஞ்சினோடு சேர்ந்து ஆடும். சூடான காஸை ஆற்றித் திரவமாக்கும் கண்டென்சர் வண்டியின் உடலோடு அசையாமல் நிற்கும். இடையில் விறைத்த குழாய் இருந்தால் சில நாளில் அதில் வெடிப்பு விழும். அதனால்தான் நடுவில் றப்பர்.

எவ்வளவு பருமனான றப்பர் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். உறிஞ்சும் ஹோஸ் தடிப்பு, தள்ளும் ஹோஸ் அதைவிட மெலிவு, திரவம் போகும் ஹோஸ் எல்லாவற்றிலும் மெலிவு. அமுக்கம் கூடிய பக்கத்துக்குத்தானே பெரிய குழாய் வேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன். மூன்றிலும் ஒரு நிமிடத்தில் ஓடும் காஸின் எடை ஒன்றுதான். அது பிடிக்கும் இடம்தான் வேறு. கொம்பிரசருக்குள் நுழையும் ஆர்134ஏ என்ற ஏசி காஸ் ஒரு கன மீற்றருக்குச் சுமார் 15 கிலோ. பிழிந்து வெளியே வரும்போது சுமார் 70 கிலோ. கண்டென்சரில் திரவமான பிறகு 1,000 கிலோவுக்கும் மேல். இதோடு இன்னொன்று: தள்ளும் பக்கத்தில் அமுக்கம் 200 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கையில் குழாய் உராய்வில் 5 போனால் வலிக்காது. உறிஞ்சும் பக்கத்தில் இருப்பதே 30, 35தான். அதில் 5 போனால் கொம்பிரசருக்கு ஐதான காஸ்தான் கிடைக்கும். எவ்வளவு சுற்றினாலும் குளிர் வராது.

கடையில் 6, 8, 10 என்று நம்பர் சொல்லித்தான் வாங்க வேண்டும். இது மில்லிமீற்றர் இல்லை. ஹோஸுக்கு ஈடான உலோகக் குழாயின் வெளிவிட்டத்தை அங்குலத்தின் 16இல் ஒரு பங்காக எண்ணிய கணக்கு. 10ஆம் நம்பர் ஹோஸின் உள்விட்டம் சுமார் 13 மில்லிமீற்றர். 8ஆம் நம்பருக்குச் சுமார் 10. உறிஞ்சுவதற்கு 10, தள்ளுவதற்கு 8 என்று எடுத்தோம்.

மாமாவின் வானில் முன்பு வேறொரு இடத்தில் சாதாரண றப்பர் ஹோஸைப் போட்டு, திருகுக் கிளிப்பால் இறுக்கியிருந்தார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை காஸ் அடித்தார் மனுஷன். ஆர்134ஏ மூலக்கூறு, முன்பு ஏசிகளில் இருந்த ஆர்12 காஸை விடச் சிறியது. வெறும் றப்பருக்குள்ளாலேயே மெல்லக் கசியும். அதற்கென வரும் ஹோஸில் உட்பக்கமாக மெல்லிய நைலோன் படை உண்டு. அந்தப் படை விறைப்பானது. கிளிப் போட்டு இறுக்கினால் படிந்து கொடுக்காது, போதாக்குறைக்குக் கிளிப்பின் திருகடியில் ஒரு சின்ன இடைவெளியும் விழும். “கிளிப்பு போட்டா மறுகாவும் காஸ் போகும் மனே” என்றார் மூத்த மெக்கானிக். வெளியேறும் அந்தக் காஸ், எடைக்கு எடை பார்த்தால், கரியமில வாயுவை விட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும்.

கிளிப்புக்குப் பதில் அழுத்தும் மெஷின். முனையில் உலோக உறையை மாட்டி, சுற்றிவரச் சமமாக நசுக்கும். உறையில் பொட்டளவு துளை இருக்கும். அதற்குள்ளால் ஹோஸ் தெரிந்தால்தான் கடைசிவரை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். நசுக்கிய பிறகு முனை திரும்பாது. ஆகவே மெக்கானிக் ஹோஸை வண்டியிலேயே பூட்டிப் பார்த்து, எஞ்சின் ஆடுவதற்குக் கொஞ்சம் தளர்வு விட்டு, புகைக்குழாயின் சூட்டுக்கு விலக்கி, முனையிலும் ஹோஸிலும் சேரும்படி டிப்பெக்ஸால் ஒரு கோடு கீறினார். பிறகுதான் கழற்றி மெஷினில் வைத்தார். கோடு ஒரு நூல் பிசகியிருந்தாலும் வளைந்த முனை வேறு திசையைப் பார்க்கும், ஹோஸ் குப்பைக்கு.

செத்த கொம்பிரசரின் உலோகத் தூள் போகக் குழாய்களைக் கழுவினார்; ஈரம் உறிஞ்சும் டிரையரையும், மூட்டுகளில் கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் வளையங்களையும் மாற்றினார். பிறகு வக்யூம்: உள்ளே இருக்கும் காற்றைப் பம்பால் இழுத்தெடுப்பது. வாவிக்கரைக் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. திறந்து கிடந்த குழாய்களுக்குள் அது இறங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும், திரவத்தின் அமுக்கத்தைக் குறைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைக்கும். 30 பாகைச் சூட்டில் அமுக்கத்தை வழமையின் 24இல் ஒரு பங்குக்கு இறக்கினால் தண்ணீர் கொதித்து ஆவியாகும். பம்ப் ஒரு மணித்தியாலம் ஓடியது.

காஸ் ஏறி, உறிஞ்சும் மானி 32இல் நின்றதும், தடித்த ஹோஸின் முனையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வறண்ட கச்சான் காற்று வீசும் அந்த நடுப்பகலிலும் உலோகம் வியர்த்து, கை நனைந்தது. மற்றதை நோக்கி விரலைக் கொண்டுபோனபோது கையைத் தட்டிவிட்டார். அது 70, 80 பாகையில் இருக்கும்.