சட்டையைத் தூக்கிப் பாருங்கள்

சளி பிடித்த கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இரவில் நடக்கும் பேச்செல்லாம் இருமலையும் கரகரப்பையும் பற்றித்தான் இருக்கும். அந்தக் கரகரப்பு பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நிற்கும் சளியின் சத்தம். நுரையீரல் திணறுகிறதா என்பதைக் காதைவிடக் கண்தான் நன்றாகச் சொல்லும். சட்டையைத் தூக்கிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் நெஞ்சையும் வயிற்றையும் பாருங்கள்.

முதலில் எண்ணிக்கை. குழந்தை அழாமலும் பால் குடிக்காமலும் இருக்கும்போது மூச்சை எண்ண வேண்டும். நிமிடத்துக்கு 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40. இவற்றைத் தொட்டாலே வேகமான மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள். பச்சைக் குழந்தை கொஞ்சம் வேகமாக மூச்சுவிடும், அப்புறம் ஐந்து, பத்து விநாடி சும்மா இருக்கும். அது இயல்புதான். 20 விநாடி நின்றாலோ, உதடு நீலம் பாரித்தாலோ இயல்பல்ல.

எக்ஸ்ரே எளிதில் கிடைக்காத இடங்களில் நிமோனியாவை எப்படிப் பிடிப்பது என்ற தேடலில் பிறந்த கணக்கு இது. பப்புவா நியூ கினியின் கொரோகாவில் ஃப்ராங்க் ஷான் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் செய்து 1984இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு முக்கிய அடித்தளம்.

ஏன் வேகம்? காற்று போதாவிட்டால் நாம் ஆழமாக இழுத்துக்கொள்வோம். குழந்தையின் விலா எலும்புகள் சாய்வாக இல்லாமல் ஏறக்குறையப் படுக்கைவாட்டில் இருப்பதால் நெஞ்சுக்கூடு அதிகம் விரியாது. அதற்கு இருக்கும் வழி, அடிக்கடி இழுப்பதுதான்.

அதுவும் போதாதபோது வருவதுதான் நெஞ்சுக் குழிவு. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் பலமாக இழுக்கிறது. நீர் கோத்து விறைத்த நுரையீரல் விரிய மறுக்கிறது. விலாக்கூடோ இன்னும் பாதி குருத்தெலும்பு. தீர்ந்துபோன ஜூஸ் டப்பாவை உறிஞ்சினால் பக்கங்கள் ஒடுங்குமே, அப்படி மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே போகும், வயிறு மட்டும் எழும்பும். மூக்குத்துளைகள் விரியும். சில குழந்தைகளுக்குத் தலையும் மூச்சோடு ஆடும்.

இன்னொன்று, ஒவ்வொரு மூச்சை விடும்போதும் வரும் சின்ன முனகல். வயிற்றுவலி என்று நினைத்துக் கிரைப் வாட்டர் கொடுப்பவர்கள் உண்டு. உண்மையில் குழந்தை குரல்நாண்களைப் பாதி மூடி, உள்ளே கொஞ்சம் காற்றழுத்தத்தைத் தேக்கி, நுரையீரலின் காற்றறைகள் சுருங்கிவிடாமல் காக்கப் போராடுகிறது. இதைக் கேட்டால் காலை வரை காத்திருக்கக் கூடாது.

பால் குடிப்பதும் ஒரு நல்ல சோதனை. உறிஞ்சி, விழுங்கி, நடுவே மூச்சும் விடுவதற்குத் தெம்பு வேண்டும். இரண்டு வாய் குடித்துவிட்டு விட்டுவிடுவது, சுத்தமாகக் குடிக்காதது, எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடப்பது, இவையெல்லாம் உடனே கிளம்ப வேண்டிய அடையாளங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான்: வேகமாக மூச்சு வாங்கிய குழந்தை திடீரென அமைதியாகி, மூச்சும் மெதுவானால் தேறிவிட்டது என்று நினைக்கிறார்கள். நிறம் தெளிந்து, பாலும் குடித்தால் சரி. இல்லையென்றால் தசைகள் களைத்துவிட்டன. அதுதான் மிகவும் ஆபத்தான கட்டம்.

3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால், வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவர் பார்க்க வேண்டும். அந்த வயதில் பெரிய தொற்றுகூடக் காய்ச்சலாக மட்டுமே தெரியலாம். சில சமயம் காய்ச்சலுக்குப் பதில் உடம்பு சில்லிட்டுப் போகும்.

தொக்கம் எடுக்கவோ, எண்ணெயோ சங்குத் தண்ணீரோ புகட்டவோ நேரத்தைச் செலவிட வேண்டாம். மூச்சு வாங்கும் குழந்தையின் வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குள் போய்விடலாம். தமிழ்நாட்டில் 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை, கழுத்து மடங்காமல், குழந்தையை வசதியான நிலையில் கதகதப்பாக வைத்திருங்கள். கையில் போன் இருந்தால் அந்த மூச்சை ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அழும் குழந்தையிடம் மருத்துவரால் எண்ண முடியாததை அதில் எண்ணிவிடலாம்.