பம்பை மாற்றும் முன் பிரஷரைப் பாருங்கள்

"பம்ப் போயிடுச்சாம்ணா, மாத்திக் குடுத்துடுங்க" என்று சொல்லிக்கொண்டே எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இறங்குகிறவர்கள் நிறைய. ஓடிக்கொண்டிருந்த பெட்ரோல் கார் நடுவழியில் நின்றிருக்கும், டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்ப்தான் போயிருக்கும் என்று யாரோ போனிலேயே சொல்லியிருப்பார்கள். கோவையில் சிறிய கார்களைப் பார்க்கிற மெக்கானிக் நான். பானெட்டைத் திறப்பதற்கு முன் சில கேள்விகள் கேட்பேன். சிக்னலில் நின்றதா, ஓட்டத்தில் நின்றதா, மேடு ஏறும்போதா? டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது? கொஞ்ச நேரம் ஆறவிட்டதும் தானாக ஸ்டார்ட் ஆனதா? பாதி வேலை இந்தப் பதில்களிலேயே முடிந்துவிடும்.

ஏசி போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஆர்.பி.எம். விழுந்து அணைகிறது என்றால் அநேகமாக, இன்ஜினுக்குள் போகும் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கும். சுத்தம் செய்து, தேவைப்பட்டால் ஐடிலை, அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை, ரீசெட் செய்தால் போதும். இதற்குப் போய் புது பம்ப் போட்டுவிட்டு, அப்படியும் சரியாகவில்லை என்று வருகிறவர்கள் உண்டு. டேங்கை நிரப்பிய கையோடு ஸ்டார்ட் ஆகாமல் தடுமாறினால், டேங்கில் எழும் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்குத் திறந்துவிடும் பர்ஜ் வால்வைப் பார்க்க வேண்டும். பங்க்கில் ஆட்டோ கட் ஆன பிறகும் விடாமல் பிடிக்கச் சொல்லும் பழக்கம் இங்கேதான் வேலையைக் காட்டும். அந்த ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவில் பெட்ரோலே போய் இறங்கிவிடுகிறது.

குழப்பமான கேஸ் என்றால், வெயிலில் ஒரு மணி நேரம் ஓடி, திடீரென அணைந்து, கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும் கார்தான். பம்ப் மோட்டார் தேய்ந்திருந்தாலும் இப்படி ஆகும், இன்ஜின் சுற்றுவதை உணர்ந்து சொல்லும் கிராங்க் சென்சார் சூட்டில் கெட்டாலும் இப்படியேதான் ஆகும். இரண்டையும் பிரித்துப் பார்க்க, கார் நின்ற அந்த நேரத்தில் நீங்களே இரண்டு விஷயங்களைக் கவனிக்கலாம். சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். அது வரவில்லையென்றால் பம்ப், அதன் ரிலே, ஃபியூஸ், வயர் என்று அந்தப் பக்கம் தேடலாம். சத்தம் வந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை, செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் துளிகூட அசையவில்லை என்றால் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் போகும். இதைக் கவனித்து வந்து சொல்கிற வாடிக்கையாளர் எனக்குத் தெய்வம்.

"ஸ்கேனர் போட்டாங்க, எந்த எரர் கோடும் வரல" என்பார்கள். வராதுதான். நம் ஊரில் ஓடும் பல சிறிய பெட்ரோல் கார்களில் பெட்ரோல் பிரஷரை அளக்க சென்சாரே கிடையாது. பிரஷர் குறைந்தது ஈ.சி.எம்.முக்கு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்கு, நேரடியாகத் தெரியாது. அதனால் பெட்ரோல் லைனில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கார்களில் மூன்று முதல் நான்கு பார் வரை இருக்க வேண்டும். சரியான அளவு அந்தந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். காலையில், குளிர்ந்த இன்ஜினில் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எந்த நிலையில் கார் நிற்கிறதோ அந்தச் சூட்டில் பார்த்தால்தான் கணக்கு. பம்ப்தான் என்று உறுதியானாலும் அதன் வயரை இணைக்கும் கப்ளரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். தேய்ந்த பம்ப் அதிகக் கரண்ட் இழுத்து கப்ளர் பின்னைக் கருக்கியிருக்கும். கருகிய கப்ளரிலேயே புது பம்பை மாட்டினால் அதே புகார் திரும்ப வரும்.

பம்பைக் குளிர வைப்பது டேங்கில் இருக்கிற பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் அதன் ஆயுள் குறையும். சமதளத்தில் பம்பைச் சுற்றியுள்ள சின்னக் கிண்ணம் கொஞ்சம் பெட்ரோலைப் பிடித்து வைத்துச் சமாளிக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, கொண்டை ஊசி வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை இழுத்து இன்ஜின் திணறும். மலை ஏறுவதற்கு முன் கால் டேங்குக்கு மேல் இருக்கட்டும்.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை, தண்ணீர். இப்போது பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்தே பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். பெட்ரோல் போட்டுச் சில கிலோமீட்டரிலேயே இன்ஜின் குலுங்கினால், மேலும் ஓட்டாமல் டேங்கிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

எலி கடித்த பெட்ரோல் ஹோஸ் பற்றித் தனியாகவே எழுதலாம். காருக்குப் பக்கத்தில் பெட்ரோல் வாசனை வந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், அவ்வளவுதான்.

சரி, நெடுஞ்சாலையில் ஓடும்போதே அணைந்துவிட்டால்? ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும், ஆனால் திரும்பும். பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டரில் ஒன்றிரண்டு மிதிக்கு மட்டும் வாக்குவம் மிச்சம் இருக்கும். பெடலை விட்டு விட்டு மிதித்தால் அதுவும் தீர்ந்து போகும். ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். ஹசார்ட் லைட்டைப் போட்டு இடது ஓரத்துக்குக் கொண்டு வாருங்கள். கார் உருளும்போது சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், அதைத் தொடாதீர்கள். நின்றதும் எல்லோரும் இறங்கி, ரோட்டோரத் தடுப்புக்கு வெளியே போய் நிற்க வேண்டும்.

செலவு செய்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. 2020 ஜூலையில் மாருதி சுஸுகி 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களை பம்ப் குறைபாட்டுக்காகத் திரும்ப அழைத்தது. 2024 மார்ச்சில் மறுபடியும் 16,041 கார்கள். ஹோண்டாவும் 2020இல் 65,651 கார்களுக்கும், 2024இல் 90,468 கார்களுக்கும் பம்ப் மாற்ற அறிவிப்பு கொடுத்தது. இந்த மாற்றம் இலவசம். செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தால் கம்பெனியின் தகவல் பழைய ஓனரின் நம்பருக்கே போயிருக்கலாம். ஆர்.சி.யில் இருக்கும் சேசிஸ் நம்பரை அந்தந்தக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் எங்களிடம் வாருங்கள்.