சராசரி ஒன்று, நிலம் இரண்டு: ரங்கூனில் கட்டடம் எழுப்புவோர் மண் அடுக்குகளைப் பற்றி அறிய வேண்டியவை

2025 மார்ச் 28 அன்று மியன்மாரின் சகைங் நிலப்பிளவில் ஏற்பட்ட 7.7 அளவு நிலநடுக்கம் மண்டலே, சகைங், நேபிடோ பகுதிகளைச் சிதைத்தது. அதே நேரத்தில், ஏறத்தாழ 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் பாங்காக்கில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த முப்பது மாடிக்கும் மேற்பட்ட கட்டடம் ஒன்று சரிந்து விழுந்தது. அதன் வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் பற்றித் தனிக் கேள்விகள் உண்டு. ஆனால் அவ்வளவு தொலைவில் உயரமான கட்டடங்கள் அப்படி ஆடியதற்கு, அந்நகரம் தடித்த மென்களிமண் படிவின் மேல் அமைந்திருப்பது ஒரு முக்கியக் காரணம்.

அன்று முதல் ரங்கூனில் மனை வைத்திருப்பவர்களும் கோயில் நிர்வாகக் குழுவினரும் "நம் நிலம் தாங்குமா?" என்று கேட்கிறார்கள். கட்டட அமைப்புக் கணக்குகளைச் சரிபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: எடையைத் தாங்குமா என்பது பாதிக் கேள்விதான். அந்த நிலம் எந்த அலைவுக் காலத்தில் (ஒருமுறை ஆடி மீள எடுக்கும் நேரத்தில்) அதிரும், அது நாம் எழுப்பப்போகும் கட்டடத்தின் அலைவுக் காலத்துக்கு அருகில் வருகிறதா என்பதே மறுபாதி. இரண்டும் நெருங்கினால் கட்டடத்தின் ஆட்டம் பெருகும்; இதையே ஒத்ததிர்வு என்கிறோம்.

இதற்கான கணிதம் புதிதன்று. நிலத்தை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் மீட்சித்தன்மையுள்ள அடுக்குகளாகக் கொண்டு, ஒவ்வோர் அடுக்குக்கும் தடிமன், அடர்த்தி, குறுக்கலையின் (மண்ணைப் பக்கவாட்டில் ஆட்டும் நிலநடுக்க அலையின்) வேகம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். ஓர் அடுக்கின் அடிப்பரப்பில் உள்ள இடப்பெயர்ச்சியையும் தகைவையும் (பரப்பின் மீதான உள்விசையையும்) அதன் மேற்பரப்பில் உள்ளவற்றோடு ஓர் அணி, அதாவது எண்களின் கட்டம், இணைக்கிறது. அடுத்தடுத்த அடுக்குகளின் அணிகளை வரிசையாகப் பெருக்கினால் முழு நிலத்தின் அதிர்வும் கிடைத்துவிடும். 1950இல் தாம்சன் தொடங்கி 1953இல் ஹாஸ்கெல் செம்மைப்படுத்திய முறை இது. அணிகளைப் பெருக்கும்போது வரிசையை மாற்றினால் விடையும் மாறும் என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். இங்கே அது வெறும் பாடவிதியாக நின்றுவிடுவதில்லை. மண் அடுக்குகள் எந்த வரிசையில் கிடக்கின்றன என்பதே அதன் பொருள்.

ஆனால் நடைமுறையில் பெரும்பாலான அறிக்கைகள் தரையிலிருந்து 30 மீட்டர் ஆழம் வரைக்குமான சராசரி அலைவேகம் என்ற ஒரே எண்ணைத் தந்துவிட்டு நின்றுவிடுகின்றன. அந்த எண் எதை மறைக்கிறது என்பதைக் காட்ட ஒரு கணக்கு போடுகிறேன். முதல் மனையில் மேலே 10 மீட்டர் மென்களிமண், அலைவேகம் விநாடிக்கு 120 மீட்டர். அதன் கீழே 20 மீட்டர் இறுகிய மணல், வேகம் 300 மீட்டர். இரண்டாம் மனையில் இதே அடுக்குகள் தலைகீழாக, 20 மீட்டர் மணல் மேலேயும் 10 மீட்டர் களிமண் கீழேயுமாக உள்ளன. இரண்டுக்கும் அடியில் பாறைபோல் உறுதியான தளம் இருக்கிறது; அடர்த்தியும் சமம் என்று கொள்வோம். அலை மேலேறிவர இரண்டிலும் 0.15 விநாடிதான் ஆகும். ஆகவே இரண்டின் சராசரியும் விநாடிக்கு 200 மீட்டர். விதிநூலும் இரண்டையும் ஒரே நில வகையில்தான் சேர்க்கும். ஆனால் அடுக்கு மாதிரியைத் தீர்த்துப் பார்த்தால், முதல் மனையின் அடிப்படை அலைவுக் காலம் ஏறத்தாழ 0.47 விநாடி, இரண்டாவதன் காலம் 0.83 விநாடி. மாடி ஒன்றுக்கு 0.1 விநாடி என்ற பழைய தோராயக் கணக்கின்படி முதல் நிலம் நான்கைந்து மாடிக் கட்டடத்துக்கும், இரண்டாவது எட்டு மாடிக் கட்டடத்துக்கும் ஆபத்தானது. சராசரியை மட்டும் நம்பி, நான்கு மடங்கு தடிமனை வேகத்தால் வகுக்கும் எளிய சூத்திரத்தைப் போட்டவருக்கு 0.6 விநாடி என்ற, இரண்டு மனைக்குமே பொருந்தாத விடை கிடைக்கும்.

ரங்கூனில் இது ஏட்டுக் கணக்கு அல்ல. ஷ்வேடகன் பகோடா நிற்கும் குன்று, பகோ மலைத்தொடரின் தென்கோடி முகட்டைச் சேர்ந்த உறுதியான நிலம். அங்கிருந்து இருபுறமும் இறங்கினால் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல்தான். பசுண்டாங் ஓடைக்கரையும் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள டலாவும் அப்படிப்பட்டவை. தாழ்வான மனைகளில் மண்ணடித்து மேடாக்கியபின் கட்டுவதும் வழக்கம்; அப்போது இயற்கை தந்த அடுக்குகளின்மேல் நாமே இன்னோர் அடுக்கைச் சேர்க்கிறோம். சகைங் பிளவு நகருக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் செல்கிறது. 1930 மே 5 அன்று பகோ நகரை அழித்து, ஷ்வேமாடோ பகோடாவைச் சாய்த்து, ஏறத்தாழ 500 உயிர்களைக் கொண்ட நிலநடுக்கம் ரங்கூனிலும் உயிர்ச்சேதம் விளைவித்தது. அன்றைய நகரில் இன்றுபோல் எட்டு மாடிக் குடியிருப்புகள் தெருவுக்குத் தெரு இல்லை.

மண் அறிக்கை கைக்கு வந்தால் முடிவுரையைப் படிப்பதற்கு முன் மண்ணில் துளையிட்டுச் சோதித்த விவரம் கொண்ட துளைப் பதிவுத் தாளைப் பிரித்துப் பாருங்கள். இடப்பக்கம் ஆழம், நடுவில் மண் விவரம், வலப்பக்கம் குழாயை 30 சென்டிமீட்டர் இறக்க எத்தனை சம்மட்டி அடி தேவைப்பட்டது என்ற எண் இருக்கும். 18, 22, 25 என்று ஏறிவரும் எண் திடீரென 4 என்று இறங்கினால், அங்கே ஒரு மென்படலம் ஒளிந்திருக்கிறது. அந்த ஆழத்திலிருந்து எடுத்த சாம்பல் நிறக் களிமண்ணில் கட்டைவிரல் சிரமமின்றிப் புதையும். அடி எண்ணிக்கையிலிருந்து அலைவேகத்தை ஊகிக்கும் சூத்திரங்கள் பல உண்டு. அவை ஒன்றோடொன்று வெகுவாக முரண்படுவதால், முடிந்த இடங்களில் வேகத்தை நேரடியாக அளப்பதே நல்லது. 1989இல் ஜப்பானிய ஆய்வாளர் நகமுரா பரவலாக்கிய நுண்ணதிர்வு அளவீட்டுக்குத் துளைகூடத் தேவையில்லை. உணர்கருவி ஒன்றைத் தரையில் வைத்துச் சுற்றுப்புற அதிர்வைப் பதிவுசெய்தால், அடுக்குகளுக்கிடையே உறுதி வேறுபாடு தெளிவாக உள்ள இடங்களில் நிலத்தின் அடிப்படை அலைவுக் காலம் தெரிந்துவிடும்.

மாதிரிக்கும் எல்லை உண்டு. மென்களிமண்ணுக்கும் அடியிலுள்ள உறுதியான தளத்துக்கும் அடர்த்தி, வேகம் ஆகியவற்றின் பெருக்கற்பலன் ஆறு மடங்கு வேறுபட்டால், ஒத்ததிர்வில் மேற்பரப்பின் ஆட்டமும் ஏறத்தாழ ஆறு மடங்காகும் என்கிறது தூய மீட்சிக் கணக்கு. மண்ணுக்குள் அதிர்வின் ஆற்றல் உறிஞ்சப்படுவதை, அதாவது 5 சதவீதத் தணிவைச் சேர்த்தால் அது நான்கு மடங்காகக் குறைகிறது. கடுமையாகக் குலுங்கும்போது மண் நெகிழ்ந்து அதன் அலைவுக் காலம் நீள்வதால், ஒரே ஒரு காலத்துக்குப் பதில் ஒரு வரம்பையே வடிவமைப்பாளரிடம் கேளுங்கள்.

இருக்கும் ஐந்து மாடியின்மேல் இரண்டு மாடி ஏற்ற நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். உயரமும் எடையும் கூடும்போது கட்டடத்தின் காலம் 0.5 விநாடியிலிருந்து 0.7 விநாடிக்கு நகரும். நிலத்தின் காலம் 0.8 விநாடியானால், நாமே செலவு செய்து கட்டடத்தை ஒத்ததிர்வின் பக்கம் நகர்த்துகிறோம். தூண் பலமாக இருக்கிறது என்று ஒப்பந்ததாரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது இந்தக் கேள்விக்கான பதில் அன்று. நிலம், கட்டடம் இரண்டின் காலத்தையும் ஒரே உணர்கருவியால் அளந்துவிடலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.