பாக்ஸை இறக்கும் முன்

என் பழைய காரில் ஒருநாள் காலை ரிவர்ஸ் விழ மறுத்தது. பல்லோடு பல் உரசுகிற மாதிரி கர்ரென்று ஒரு சத்தம். முதல் கியரும் முரண்டு பிடித்தது. பார்க்க வந்த மெக்கானிக் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "கியர் பாக்ஸை இறக்கணும்." கடைசியில் பிடிபட்ட குற்றவாளி, கிளட்ச் பெடலுக்குப் பின்னால் சுருண்டு கிடந்த மிதியடி மேட். பெடல் அடிவரை போகாததால் கிளட்ச் முழுசாக விடவில்லை, அதாவது எஞ்சினிலிருந்து பாக்ஸை முழுசாகப் பிரிக்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது என்று சொல்ல இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கியர் போடுவது என்றால் ஒரு பல்சக்கரத்தை நகர்த்தி இன்னொன்றோடு கோப்பது என்றுதான் பலரும் நினைக்கிறோம். சாதாரண மேனுவல் பாக்ஸில் முன்னோக்கிப் போகிற கியர் ஜோடிகள் எல்லாம் எப்போதுமே கோத்தபடிதான் இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் தன் தண்டின்மேல் பிடிப்பில்லாமல் சும்மா சுற்றும். லிவரைத் தள்ளும்போது, தண்டோடு சேர்ந்து சுழலும் ஸ்லீவ் என்ற பல்வைத்த உறை ஒன்று நகர்ந்து அந்தச் சக்கரத்தைத் தண்டோடு பூட்டுகிறது.

பூட்டுவதற்கு முன் இரண்டின் வேகமும் ஒன்றாக வேண்டும். அந்த வேலை சிங்க்ரோ ரிங்குடையது. பல வண்டிகளில் இது பித்தளை வளையம். உள்பக்கம் கூம்பு வடிவில் குடைந்திருக்கும். சக்கரத்தின் கூம்பில் அழுந்தி, உரசி உரசியே வேகத்தைச் சேர்த்துவிடும். குட்டி பிரேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்பரப்பில் நூலிழை போல வரிகள் ஓடும். அவை நடுவில் இருக்கும் ஆயில் படலத்தை அறுத்து வளையத்துக்குப் பிடிப்புக் கொடுக்கின்றன. வரிகள் தேய்ந்தால் வளையம் வழுக்கும், ஸ்லீவின் பற்கள் வேகம் சேராத சக்கரத்தில் போய் மோதும். கர்ர் என்பது அந்த மோதல்தான்.

அதனால் சத்தம் எந்தெந்த கியரில் வருகிறது என்று முதலில் பாருங்கள். ஒரே ஒரு கியரில் மட்டும் என்றால் அந்த கியரின் சிங்க்ரோ தேய்ந்திருக்கலாம். அனேகமாக இரண்டாவதுதான் முதலில் போகும். முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் உள்ள விகித இடைவெளி பெரியது, வளையத்துக்கு வேலையும் அதிகம். எஞ்சின் ஓடும்போது எல்லா கியரும் முரண்டு பிடித்து, அணைத்தால் எல்லாமே சுலபமாக விழுகிறதா? அப்படியென்றால் சந்தேகம் கிளட்சின் மேல். அணைத்த பிறகும் லிவர் இறுக்கமாகவோ கொழகொழவென்றோ இருந்தால் லிவருக்கும் பாக்ஸுக்கும் நடுவே உள்ள லிங்கேஜையோ (இணைப்புக் கம்பிகள்) கேபிளையோ பாருங்கள். அங்கே தேய்ந்து போன ஒரு பிளாஸ்டிக் புஷ், பாக்ஸே போய்விட்டது என்று நம்ப வைத்துவிடும்.

கிளட்ச் முழுசாக விடுகிறதா என்பதற்கு ரிவர்ஸே நல்ல சோதனை. பல பழைய வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. வண்டியை நிறுத்தி, ஐட்லில் பெடலை முழுக்க மிதித்து ஐந்து விநாடி காத்திருங்கள். எஞ்சினிலிருந்து பிரிந்த தண்டு அதற்குள் நின்றிருக்க வேண்டும். அப்புறம் ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். அப்போதும் கர்ரென்றால் கிளட்ச் முழுசாக விடாமல் தண்டை இழுத்துக்கொண்டிருக்கிறது. பெடலை இரண்டு மூன்று முறை பம்ப் செய்ததும் சரியாகிறதென்றால் பெடலின் அழுத்தத்தைத் திரவம் வழியாகக் கொண்டுபோகும் ஹைட்ராலிக்கில் காற்று புகுந்திருக்கலாம், இல்லை சிலிண்டர் சீல் கசியலாம். திரவத்துக்குப் பதில் கேபிள் உள்ள வண்டியானால் முதலில் அதன் அட்ஜஸ்ட்மென்ட்டைப் பாருங்கள்.

இனி காதுக்கு வேலை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் பாக்ஸுக்குள் எது சுற்ற வேண்டும் என்பதை உங்கள் இடது கால் தீர்மானிக்கிறது. நியூட்ரலில், பெடலிலிருந்து காலை எடுத்திருந்தால் பாக்ஸின் உள்தண்டு எஞ்சினோடு சுழலும். பெடலை மிதித்தால் அது நின்றுவிடும், கிளட்சைத் தள்ளிப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங் மேல் பாரம் ஏறும். மிதித்ததும் இரைச்சல் அடங்கினால் பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங். மிதித்தால்தான் இரைச்சல் என்றால் ரிலீஸ் பேரிங். இரண்டிலும் மாறாமல் கேட்டால் பாக்ஸை விட்டுவிட்டு எஞ்சின் பக்கம் தேடுங்கள். ரிவர்ஸில் போகும்போது வரும் ஊளைச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். நேர்ப்பல் சக்கரங்கள் அப்படித்தான் கத்தும். வண்டியைத் திருப்பும்போது மட்டும் டக் டக் என்றால் முன்சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டான சிவி ஜாயின்ட்.

கிளட்ச் வழுக்குவது, அது முழுசாக விடாததற்கு நேர் எதிர். உயர் கியரில், நிதானமான வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பாருங்கள். எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டு போய், வண்டி வேகம் எடுக்காவிட்டால் கிளட்ச் பிளேட்டில் பிடிப்பு இல்லை. புது பிளேட் போடும் முன், பழையதில் ஆயில் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கசியும் சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் அதே வேலையை மறுபடி செய்ய வேண்டிவரும்.

எதையும் கழற்றுவதற்கு முன் கியர் ஆயிலை மாற்றிப் பார்க்கலாம். தயாரிப்பாளர் சொன்ன தரத்தை மீற வேண்டாம். டிஃபரென்ஷியலுக்கான (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பகுதி) ஜிஎல்-5 தர ஆயில் "இன்னும் உசத்தி" என்று சிலர் ஊற்றுவார்கள். அதில் சிங்க்ரோ போதுமான பிடிப்புக் கிடைக்காமல் வழுக்கலாம். அதன் கந்தகச் சேர்மங்கள் சில வகைகளில் பித்தளையையும் அரிக்கும். ஸ்டாண்டில் வண்டியை உறுதியாக நிறுத்திவிட்டு, முதலில் ஆயில் ஊற்றும் பிளக்கைக் கழற்றுங்கள். கீழ்ப் பிளக்கைத் திறந்து எல்லாவற்றையும் வடித்த பிறகு மேல்ப் பிளக் துருப்பிடித்து இறுகியிருந்தால் வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும். வடிபிளக்கில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கும். அது சாதாரணத் தேய்மானம். விரலில் நெருடுகிற துண்டுகள் கெட்ட செய்தி. வடித்த ஆயிலில் தங்கத்துகள் போல மினுமினுத்தால் பித்தளை வளையம் கரைந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு வேடிக்கையான கோளாறு: ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் கிளட்ச் கேபிள் சூடாவது. எஞ்சினை பாடியோடு இணைக்கும் எர்த் ஒயர் அரித்துப் போனால், ஸ்டார்ட்டரின் பெருமின்னோட்டம் திரும்பிப் போக வேறு வழி தேடி அந்தக் கேபிளுக்குள் புகும். சூட்டில் உறை இளகி கேபிள் இறுகும். குறை பெடலில் தெரியும், காரணம் மின்சாரத்தில்.

ஆட்டோமேட்டிக்கில் இந்தக் கால் வித்தைகள் பலிக்காது. அங்கே திரவம்தான் பேசும். வழக்கமான ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் பாக்ஸுக்கான திரவம்) புதிதில் சிவப்பாக இருக்கும்; கறுத்துப் போய்க் கருகிய வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிகின்றன. டி (டிரைவ்) போட்டபின் வண்டி யோசித்து யோசித்து நகர்ந்தால் முதலில் அளவைப் பாருங்கள். பி-யிலிருந்து (பார்க்) லிவரே நகரவில்லை என்றால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் பெடலருகே உள்ள ஒரே சின்ன சுவிட்ச்தான் பிரேக் விளக்கு, லிவர் பூட்டு இரண்டுக்கும் பொறுப்பு.

என் காருக்கு வருகிறேன். மிதியடியை எடுத்த பிறகும், ஆயில் மாற்றிய பிறகும், மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது லேசாகக் கர்ர் வருகிறது. வடித்த ஆயிலில் மினுமினுப்பும் இருந்தது. பாக்ஸை இறக்குவதை இப்போதைக்குத் தள்ளிப்போட்டிருக்கிறேன். கிளட்சை மிதித்து நியூட்ரல், காலை எடுத்து எஞ்சினை ஒரு உறுமு, மறுபடி மிதித்து இரண்டாவது. வளையம் செய்ய வேண்டியதை எஞ்சின் செய்துவிடும், கியர் சத்தமில்லாமல் விழும். 1928-ல் காடிலாக் கார்களில் சிங்க்ரோ வருவதற்கு முன் கார் ஓட்டியவர்களுக்கு இது அன்றாடப் பாடு. எனக்கு இரண்டாவது கியரில் மட்டும்.