மீட்கப்பட்ட கெக்கோ சாப்பிடவில்லையா? வாயைத் திறக்கும் முன் வெப்பமானியைப் பாருங்கள்

வீடுகளில் வளர்க்கப்படும் புள்ளிப் பல்லிகளான லெப்பர்ட் கெக்கோக்கள், மீட்கப்பட்ட பின் என் சிகிச்சை மேசைக்குப் பெரும்பாலும் ஒரே கோலத்தில்தான் வருகின்றன. வால் எலும்பு தெரிய மெலிந்திருக்கும், கண்கள் குழி விழுந்திருக்கும், உதட்டோரத்தில் குழைவான உணவு காய்ந்து ஒட்டியிருக்கும். சிலவற்றின் மூக்குத் துளைகளையும் அதே உணவு அடைத்திருக்கும். அவற்றைக் கொண்டுவருபவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். யாரோ கைவிட்ட உயிரை ஏற்றுக்கொண்டு, அது பட்டினி கிடப்பதைக் காணப் பொறுக்காமல் வாயைப் பிளந்து ஊட்டியவர்கள். அண்மையில் வந்த ஒரு கெக்கோவுக்குக் கீழ்த்தாடை இருபுறமும் முறிந்திருந்தது. கால்சியம் குறைபாட்டால் ஏற்கெனவே இளகிப்போயிருந்த எலும்பு, உணவூட்டுவதற்காக நகத்தால் நெம்பியபோது தாங்கவில்லை. அந்தக் குடும்பத்தினர் அழுதார்கள். இத்தகைய அழுகையை இனியும் பார்க்க விரும்பாததால் இதை எழுதுகிறேன்.

சாப்பிடாமல் இருப்பது நோயன்று. ஒரு நோயின், அல்லது தவறான பராமரிப்பின், வெளிப்பாடு. இதைச் சொன்னால் எல்லோரும் தலையசைக்கிறார்கள், ஆனால் வீட்டுக்குப் போனதும் சிரிஞ்சைக் கையில் எடுக்கிறார்கள். ‘வயிற்றுக்குள் ஏதாவது போனால்தானே தெம்பு வரும்’ என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது பாலூட்டிகளுக்குப் பெருமளவு பொருந்தும் எண்ணம். நம் உடல் உண்ட உணவை எரித்துத் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது; ஊர்வனவற்றால் அது இயலாது. கெக்கோவின் உடல் வெப்பம் அது படுத்திருக்கும் தரையிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் வர வேண்டும். செரிமான நொதிகள் வேலை செய்வதும், குடல் அசைந்து உணவை நகர்த்துவதும், நோய் எதிர்ப்பு இயங்குவதும் அந்த வெப்பத்தைப் பொறுத்தே அமைகின்றன. 22 டிகிரி செல்சியசில் கிடக்கும் கெக்கோவின் வயிற்றில் நீங்கள் திணிக்கும் உணவு செரிக்காது; அங்கேயே தங்கி அழுகத் தொடங்கும். பிறகு அது வாந்தியாக வெளியே வந்து, உடலில் எஞ்சியிருந்த நீரையும் இழக்கச் செய்யும், அல்லது பாக்டீரியாக்கள் பெருகக் களமாகும். அந்த நிலையில் உணவை மறுப்பது கெக்கோவின் பிடிவாதம் அன்று, அதன் உடல் எடுக்கும் சரியான முடிவு. அதை மீறி ஊட்டுவதால் நாம் நோயாளிக்கு உதவுவதில்லை. அதன் கடைசித் தற்காப்பையும் பறிக்கிறோம்.

ஆகவே வரிசை மாறவே கூடாது: முதலில் வெப்பம், அடுத்து நீர், பிறகு காரணத்தைக் கண்டறிதல், அதன் பின்னரே உணவு.

வெப்பத்தைப் பொறுத்தவரை, கூண்டின் சூடான பக்கத்தில் தரைப்பரப்பு 31 முதல் 33 டிகிரி வரையிலும், குளிர்ந்த பக்கம் 24 முதல் 26 டிகிரி வரையிலும் இருக்க வேண்டும். கண்ணாடிச் சுவரில் ஒட்டிய வட்ட வெப்பமானி காட்டும் எண்ணை என்னிடம் சொல்லாதீர்கள். கெக்கோ சுவரில் வசிப்பதில்லை. அதன் வயிறு படும் இடத்தில் டிஜிட்டல் வெப்பமானியின் உணரியை வைத்து அளந்து சொல்லுங்கள். வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட்டையும் (சூடேறும் விரிப்பையும்), மின்சாரத்தில் சூடாகும் செயற்கைப் பாறையையும் இன்றே அகற்றிவிடுங்கள். மெலிந்து சோர்ந்த விலங்கு சுடும் இடத்தை விட்டு நகராமல் அங்கேயே கிடந்து வயிறு வெந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். சூடான பக்கத்தில் ஒன்று, குளிர்ந்த பக்கத்தில் ஒன்று, தோல் உரிவதற்கு ஈரமான ஒன்று என மூன்று ஒளிவிடங்கள் கட்டாயம் வேண்டும். ஒளிந்துகொள்ள இடமில்லாத கெக்கோ அஞ்சி வாழும், அஞ்சும் கெக்கோ உண்ணாது.

நீரைப் பற்றி மக்கள் அதிகம் யோசிப்பதில்லை, ஆனால் மீட்கப்பட்டவற்றில் நீரிழப்பு இல்லாத ஒன்றைக் காண்பது அரிது. வாயினுள் எச்சில் நூலாக இழுபடுவதும், கண்கள் உள்வாங்குவதும், விலாப்பக்கத் தோல் மடிந்து மடிந்து நிற்பதும் அதன் அடையாளங்கள். வெதுவெதுப்பான நீரை வயிற்றின் உயரத்துக்கு மேல் போகாமல் ஆழமற்ற பாத்திரத்தில் ஊற்றி, பத்து அல்லது பதினைந்து நிமிடம் அருகிலேயே இருந்து கவனித்தபடி அதில் நிற்க விடலாம். மூக்கின் நுனியில் ஒரு துளி நீர் வைத்தால் பெரும்பாலானவை தாமாகவே நக்கும். அதற்கும் வலுவில்லாதவற்றுக்கு மருத்துவர்தான் தோலுக்கடியிலோ உடற்குழியிலோ திரவம் செலுத்த வேண்டும். நீர் வற்றிய உடலில் புரதத்தைத் திணித்தால், ஊர்வன கழிவாக வெளியேற்றும் யூரிக் அமிலத்தைச் சிறுநீரகங்களால் அகற்ற முடியாமல் போய், அது மூட்டுகளிலும் உள்ளுறுப்புகளிலும் படிந்துவிடும். நெடுநாள் பட்டினிக்குப் பின் சத்து மிகுந்த உணவை ஒரேயடியாகக் கொடுப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு: இரத்தத்திலுள்ள பாஸ்பரசும் பொட்டாசியமும் திடீரென உயிரணுக்களுக்குள் இறங்கி, நன்றாகத் தேறி வருவதாகத் தோன்றிய விலங்கு ஓரிரு நாளில் இறந்துபோகக்கூடும். ‘நேற்று நன்றாகச் சாப்பிட்டதே’ என்று கேட்பவர்களுக்கு இதை விளக்கும் நேரம் எனக்கு மிகவும் கடினமானது.

காரணத்தைத் தேடும்போது முதலில் ஓர் ஆறுதல். வால் தடித்து, கண் தெளிந்து, நடை சீராக உள்ள வளர்ந்த கெக்கோ புதிய இடத்துக்கு வந்தபின் ஒன்றிரண்டு வாரம் உண்ணாமல் இருப்பது அவசர நிலை அன்று. கையில் எடுக்காமல், கூண்டைத் தட்டாமல், வெப்பத்தைச் சரியாக வைத்து அதன் போக்கில் விடுங்கள். இனப்பெருக்கப் பருவத்தில் ஆண்களும், முட்டை உருவாகும் நாட்களில் பெண்களும் இரையைக் குறைப்பதுண்டு. ஆனால் வயிறு உப்பிய பெண் தொடர்ந்து சோர்ந்து கிடந்தால் முட்டை தேங்கியிருக்கலாம், அதைக் காத்திருந்து பார்க்கக் கூடாது. பொறுக்கலாமா கூடாதா என்பதை உங்கள் பதற்றம் தீர்மானிக்க வேண்டாம், கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு தீர்மானிக்கட்டும். வாரம் இருமுறை ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதி வையுங்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டாலோ, வால் கண்ணெதிரே இளைத்தாலோ அது மருத்துவரிடம் போக வேண்டிய விலங்கு. வாலில் கொழுப்பு இருக்கிறது, மாதக்கணக்கில் தாங்கும் என்று இணையத்தில் படித்ததை நம்பி, வால் காலியான பிறகு வருபவர்கள் தயவுசெய்து இதை இன்னொரு முறை படியுங்கள்.

அடுத்து கண்களைப் பாருங்கள். பெரும்பாலான கெக்கோ இனங்களுக்கு இல்லாத அசையும் இமைகள் இந்தக் கெக்கோவுக்கு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. உரிந்த தோல் அந்த இமைகளுக்கடியில் தங்கிவிடும். வைட்டமின் ஏ குறைபாடு இருந்தால் சீழ் போன்ற கட்டி இறுகிக் கண்ணையே மூடிவிடும். இது அசையும் இரையைப் பார்வையால் கண்டு பிடிக்கும் விலங்கு. இரை தெரியாதபோது அது எதைப் பிடிக்கும்? தூய உப்புநீரால் நனைத்து இளக்கலாமே தவிர, இடுக்கியால் கிள்ளி எடுக்கக் கூடாது. கண்ணின் மேற்பரப்பும் கிழிந்துவிடும். வைட்டமின் ஏ மருந்தைத் தாமாக வாங்கி ஊற்றுவதும் வேண்டாம், மிகுந்தால் தோல் உரிந்து புண்ணாகும். வாயினுள் புண் இருந்தாலும், கால்சியமும் வைட்டமின் டி3-யும் இல்லாமல் தாடை இளகியிருந்தாலும், பசி இருந்தும் கடிக்க முடியாது. கால்கள் வளைந்த, நடுக்கமுள்ள கெக்கோவின் வாயை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டில் திறக்காதீர்கள்.

மணலைப் பற்றி ஒன்றிரண்டு சொற்கள் போதும். மணல்மேல் வளர்க்கப்பட்ட மெலிந்த கெக்கோவுக்கு எக்ஸ்ரே எடுக்காமல் எதுவும் ஊட்டக் கூடாது. செரிக்கும் என்று சொல்லி விற்கப்படும் கால்சியம் மணலும் குடலை அடைக்கும். மலம் இளகட்டும் என்று வாயில் எண்ணெய் ஊற்றுபவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன், நிறுத்துங்கள். மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னால்தான் இருக்கிறது, எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் மீட்க வழியில்லை. குடற்புழு மருந்தும் அப்படித்தான். மலத்தில் ஊசிப்புழுக்கள் சிறிதளவு காணப்படுவது பொதுவானது. உடல் நலிந்த நிலையில் அளவு மிகுந்து கொடுத்த மருந்து புழுவைவிட முன்னதாக விலங்கைக் கொல்லும். மலப் பரிசோதனை முடிந்த பிறகு, எடைக்கேற்ற அளவை மருத்துவர் குறித்துத் தரட்டும்.

இவை அனைத்தையும் சரிசெய்த பின்னும், அல்லது நன்றாக உண்ட பின்னும், எடை குறைந்துகொண்டே போனால் என் மனம் கிரிப்டோஸ்போரிடியத்தை நோக்கிச் செல்லும். கெக்கோக்களின் குடலைத் தாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் வரானி என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி இது. துர்நாற்றமுள்ள கழிச்சல், உண்டதைக் கக்குதல், வால் வற்றுதல் ஆகியவை இதன் போக்கு. நோயுற்ற விலங்கு ஒட்டுண்ணியை நாள்தோறும் வெளியேற்றுவதில்லை. ஆகவே ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனையில் ஒரு முறை இல்லை என்று வந்ததைக் கொண்டு நிம்மதியடைய முடியாது, இடைவெளி விட்டு மீண்டும் பரிசோதிக்க வேண்டும். பரோமோமைசின் என்ற மருந்து இந்த வெளியேற்றத்தைக் குறைக்கலாம், ஆனால் முற்றிலும் நீக்கும் என்று உறுதியளிக்கக்கூடிய மருந்து ஏதும் இல்லை. வீட்டில் பயன்படுத்தும் ப்ளீச்சிங் கரைசலை இதன் முட்டைக்கூடுகள் எளிதாகத் தாங்கும். நீராவியின் வெப்பம் அவற்றை அழிக்கும். மரத்துண்டு, தேங்காய்நார் போன்று கழுவ முடியாதவற்றை எறிந்துவிடுவதே நல்லது.

விலங்குகளை மீட்டுப் பராமரிப்பவர்கள் இந்த ஒரு நோய்க்காகவாவது தனிமைப்படுத்தலை மதிக்க வேண்டும். புதிதாக வரும் ஒவ்வொன்றையும் குறைந்தது 90 நாள், முடிந்தால் வேறோர் அறையில், தனி இடுக்கி, தனித் தண்ணீர்க் கிண்ணம், காகிதத் தரை விரிப்பு என வைத்திருங்கள். நலமாக உள்ளவற்றை முதலில் கவனித்து, நோயுற்றவற்றுக்குக் கடைசியில் போங்கள். ஒரு கூண்டில் எஞ்சிய கிரிக்கெட் பூச்சியை வீணாக்க மனமில்லாமல் அடுத்த கூண்டில் விடும் பழக்கம் தொற்றைச் சுமந்து செல்லும் வண்டி. அதை உடனே கைவிடுங்கள். உங்கள் கைகளையும் சோப்பால் கழுவுங்கள், நலமான கெக்கோவின் குடலிலும் மனிதருக்கு நோய் தரும் சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கலாம்.

வெப்பமும் நீரும் சரியாகி, காரணமும் ஓரளவு தெரிந்த பிறகே உணவுக்கு வருகிறோம். அந்தி சாய்ந்து வெளிச்சம் மங்கிய பின், கண்களுக்கிடையே உள்ள அகலத்தை விடச் சிறிய, அசையும் பூச்சி ஒன்றை இடுக்கியால் காட்டுங்கள். மீல்வார்ம் என்ற வண்டுப்புழுவை மட்டுமே தின்று பழகியது டூபியா கரப்பானையோ பட்டுப்புழுவையோ விரும்பலாம். எதையும் விரும்பாவிட்டால் பூச்சியை நசுக்கி அதன் சாற்றை மூக்கு நுனியில் தடவினால், நக்கிப் பார்த்து ஆர்வம் கொள்ளக்கூடும். உண்ணாத பூச்சிகளை இரவு முழுவதும் கூண்டில் விட்டுவைக்காதீர்கள், நலிந்த கெக்கோவின் விரல்களையும் இமைகளையும் அவை கடிக்கும். பழக்கூழ், தயிர், குழந்தை உணவு ஆகியவை இதற்கு உணவே அல்ல. இது பூச்சியுண்ணி. ஊனுண்ணும் விலங்குகளின் நோய்க்காலத்துக்கென விற்கப்படும் தூளைக் கரைத்து, உதட்டின் விளிம்பில் துளித்துளியாக வைத்துத் தானாக நக்க விடலாம். முதல் நாட்களில் ஒரு வேளைக்கு ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவான அளவே போதும். அது வயிற்றில் தங்குகிறதா, மலம் வருகிறதா என்று பார்த்துச் சில நாட்களில் கூட்டலாம். நக்கவும் முடியாதவற்றுக்குக் குழாய்வழி ஊட்டுதல் உண்டு, ஆனால் அதை ஊர்வன மருத்துவர் செய்யட்டும், அல்லது அவர் அருகில் நின்று கற்றுத்தந்த கைகள் செய்யட்டும். போராடும் கெக்கோ வாலை உதறிவிடும். வால் மீண்டும் வளரும் என்றாலும், எஞ்சியிருந்த கொழுப்புச் சேமிப்பு போனது போனதுதான்.

சில கெக்கோக்கள் இத்தனைக்குப் பிறகும் தேறாது. கிரிப்டோ உறுதியாகி, உண்டது தங்காமல், நிற்கவும் வலுவிழந்த விலங்கை வேதனையின்றி உறங்க வைப்பது பற்றி நான் பேசினால், நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்று பொருளில்லை. அந்தப் பேச்சைத் தள்ளிப்போட வேண்டாம் என்று மட்டும் வேண்டுகிறேன்.

மருத்துவரிடம் வரும்போது இதுவரை எழுதிய எடைக் குறிப்பு, கூண்டின் முழுப் புகைப்படம், இரு பக்கத் தரையின் வெப்ப அளவு, கொடுத்த மருந்துகளின் பெயர், உலராமல் சிறு டப்பாவில் மூடிய அன்றைய மலம் ஆகியவற்றை எடுத்து வாருங்கள். கெக்கோவைக் காற்றுத் துளையுள்ள பெட்டியில், காகிதத் துண்டின்மேல் வைத்து, வழியில் குளிராமல் கொண்டுவாருங்கள். புறப்படும் முன் எதையும் ஊட்ட வேண்டாம்.